வாயோரம் வடியும் நீர்



நடுக்குவாதம் என்று நம் பக்கத்தில் சொல்லப்படும் பார்க்கின்சன் வியாதி என்றாலே எல்லாருக்கும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. வார்டில் குடும்பத்தார் எங்களைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்பதோ வேறொன்று. "ஐயா, அப்பாவுக்கு எந்நேரமும் எச்சில் ஒழுகுதே, இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதா?" கிராமத்தார் இதைச் சாளவாய் என்பார்கள். செய்ய முடியும், பல காரியங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியவை. ஆகையால் இந்த முறை இதைப்பற்றி எழுதுகிறோம்.

உமிழ்நீர் அதிகமாகச் சுரப்பதால் வடிகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். சுகமாயிருக்கிற ஒருவருக்கே நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. விழித்திருக்கும் வேளையில் ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். இந்த வியாதியில் மூளையில் டோபமீன் என்னும் பொருளை உண்டாக்கும் செல்கள் குறைந்துபோவதால், நாம் நினையாமலே நடக்கும் அசைவுகள் எல்லாம் மந்தமாகின்றன. கண் இமைப்பது குறைகிறது, நடக்கும்போது கை வீசுவது நின்றுபோகிறது, விழுங்குவதும் அப்படியே. தலை முன்னால் கவிழ்கிறது. உதடுகள் சற்றுத் திறந்தே இருக்கின்றன. தேங்கிய நீர் வெளியே வருகிறது. அளந்து பார்த்த ஆராய்ச்சிகளில் இவர்களுக்குச் சுரப்பது மற்றவர்களைவிட அதிகமில்லை, பல வேளைகளில் குறைவு என்றே கண்டிருக்கிறார்கள். 1817ஆம் ஆண்டு லண்டனில் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இவ்வியாதியைப்பற்றி எழுதிய சிறு நூலிலேயே இந்த எச்சில் வடிதலும் சொல்லப்பட்டிருக்கிறது.

எச்சில் வடிகிறவரைக் கண்டால் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணுவது பழங்காலத்திலிருந்தே உள்ள வழக்கம். 1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் தாவீது ஆகீஸ் ராஜாவுக்குமுன் இதைக் கொண்டுதானே பைத்தியக்காரனாக நடித்துத் தப்பினார்! இவ்வியாதியஸ்தரில் சிலருக்குப் பிற்காலத்தில் ஞாபக மறதி வருவது உண்மையே. ஆனால் எச்சில் வடிவதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. முகத்தில் அசைவில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர், தம்மைப்பற்றித் தமக்கு முன்பாகவே பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

முதலாவது உட்காரும் விதம். சாய்வு நாற்காலியில் சரிந்து கிடப்பதைவிட, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்ந்து உட்காரவைப்பது நல்லது. அடுத்தது நினைப்பூட்டுதல். தானாக நடக்காத விழுங்குதலை நினைத்துச் செய்யலாம். வாயை மூடி, "விழுங்கு" என்று தமக்குள் சொல்லி விழுங்கவேண்டும். பேசத் தொடங்குமுன்னும் நாற்காலியை விட்டு எழும்புமுன்னும் இதைப் பழகலாம். கைக்கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு வீட்டில் பேத்தியே கடிகாரம்: "தாத்தா, முழுங்குங்க!" புரையேறும் தொந்தரவு இல்லாதவர்கள் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் அடிக்கடி விழுங்குவார்கள். வெற்றிலை பாக்கை விட்டுவிடவேண்டும். நம் பெரியவர்களுக்கு இது கசப்பான ஆலோசனை என்று அறிவோம்.

இன்னொன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்லுகிறோம். டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது நம் வீடுகளில் நல்ல பழக்கமாகக் கற்பிக்கப்படுகிறது. இவ்வியாதியஸ்தருக்கு அது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் எளிதாகப் போகும். அவருக்கென்று தனி டம்ளர் வைத்து, தலை நிமிர்ந்தபடி, கொஞ்சங்கொஞ்சமாக வாய் வைத்துக் குடிக்கட்டும். எச்சில் பாத்திரம் என்று யாரும் முகம் சுளிக்கவேண்டாம். இது தொற்றுவியாதி அல்ல.

உண்மையான பயம் இங்கேதான். வெளியே வடிவது சட்டையை நனைக்கும். உள்ளே இறங்குவது நுரையீரலில் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். இருமல்கூட வராமல் இறங்குவதுண்டு. இவ்வியாதியஸ்தரின் மரணத்துக்கு முக்கிய காரணங்களில் நிமோனியா ஒன்று. சாப்பிட்டபின் குரல் களகளவென்று கேட்டால், தண்ணீர் குடிக்கையில் இருமினால், அடிக்கடி காய்ச்சல் வந்தால், எடை குறைந்தால், தாமதியாமல் டாக்டரிடம் வாருங்கள். காலையும் இரவும் பல் துலக்கி வாயைச் சுத்தமாய் வைத்திருந்தால் கிருமிகள் இறங்குவதும் குறையும்.

மருந்துகளைக் குறித்துச் சில வார்த்தைகள். லெவோடோபா மாத்திரையைத் தவறாத நேரத்தில் கொடுக்கவேண்டும். புரதச்சத்துள்ள ஆகாரம் அதன் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பாகக் கொடுப்பது வழக்கம். மாத்திரையின் வேகம் குறையும் வேளையில் எச்சில் அதிகம் வடிகிறதா என்று குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஞாபக மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்றவையே எச்சிலைக் கூட்டலாம். ஆகையால் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் கொண்டுவாருங்கள். வாயை உலர்த்துவதற்கென்று டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையைக் கடையில் தாமே வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விலை மலிவுதான். வயதானவருக்கு அது மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு இவற்றைக் கொண்டுவரும். கிளைக்கோபைரோலேட் மூளைக்குள் அவ்வளவாகப் போகாதபடியால் டாக்டர்கள் அதைத் தெரிந்துகொள்வதுண்டு. கண்ணுக்கு விடும் அட்ரோப்பின் சொட்டுமருந்தை நாக்கின்கீழ் விடுவதும் உண்டு. அதுவும் டாக்டர் சொன்னால் மாத்திரமே.

இவற்றால் பலன் இல்லாவிட்டால், காதுக்கு முன்னும் தாடைக்குக் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பாட்டுலினம் ஊசி போடலாம். பலன் ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். பிறகு மறுபடியும் போடவேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே 2018லும் 2019லும் இருவகை ஊசிகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. செலவு அதிகம். மருந்து பக்கத்துத் தசைகளுக்குப் பரவினால் விழுங்குவதே கடினமாகும் என்பதால் அனுபவமுள்ள கை வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பல மாதமாக ஆலயத்துக்குப் போகவில்லை என்று அவருடைய மனைவி எங்களிடம் சொன்னார்கள். கேட்டபோது, "நான் வாய் வைத்த பாத்திரத்தில் அடுத்தவர் எப்படி ஐயா குடிப்பார்?" என்றார். திருவிருந்தில் அப்பத்தை ரசத்தில் நனைத்துக் கொடுக்கலாமே என்று அவருடைய ஆயரிடம் பேசினோம். ஆயர் உடனே சம்மதித்தார். மனைவி பழைய பருத்தி வேஷ்டியைக் கைக்குட்டை அளவில் வெட்டி, ஓரம் அடித்து, ஒரு டஜன் வைத்திருக்கிறார்கள். ஆராதனைக்கு மூன்று போதுமாம். அவர் இப்போது சுவரோரமாய், கடைசிக்கு முந்தின வரிசையில் உட்காருகிறார். பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவருக்குக் கைகொடுத்துப் பேசுகிறார்கள்; பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், காத்திருக்கிறார்கள்.