பாத்தியில் பிரியும் கடல்

பங்குனி, சித்திரை மாதங்களில் தூத்துக்குடி உப்பளங்களில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். தனிமம், சேர்மம், கலவை என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மூன்று சொற்களுக்கும் அந்தப் பாத்திகளில் கண்ணெதிரே பொருள் கிடைக்கிறது.

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் ஏறக்குறைய 27 கிராம் சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு. மிச்சம் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். வெயில் காயும் செங்கடலில் இந்த 35 கிராம் 40 வரை ஏறும். ஆறுகள் வந்து கலக்கும் பால்டிக் கடலில் 10 கிராமுக்கும் கீழே இறங்கும். எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் அது கடல்நீர்தான். கலவையின் குணம் அது.

சேர்மம் இப்படி வளைந்து கொடுக்காது. வேதாரண்யத்துப் பாத்தியில் விளைந்தாலும் பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டினாலும், தூய சோடியம் குளோரைடு 100 கிராமில் சோடியம் 39.3 கிராம், குளோரின் 60.7 கிராம். இந்த மாறா விகிதத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துச் சொன்ன பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்ட், அதை ஏற்க மறுத்த சக வேதியியலாளர் பெர்த்தோலேயுடன் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. இன்று ஒரு வரியில் படித்துவிடுகிறோம்.

உப்பளத்தின் நுட்பம் வரிசையில் இருக்கிறது. தூத்துக்குடியில் பெரும்பாலும் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாய்ச்சுகிறார்கள். நீர் வற்ற வற்ற அடர்த்தி ஏறும். அதைப் பாமே மானியில் டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். முதலில் கால்சியம் கார்பனேட் படியும். அடுத்து ஜிப்சம். சுமார் 25 டிகிரியில்தான் உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கும்போது மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படியும். மழைக்காலத்தில் அடுக்களை ஜாடியில் கல் உப்பு நீர்விட்டுக் கசிவதற்கு இந்த மெக்னீசியம் குளோரைடும் ஒரு காரணம். காற்றின் ஈரத்தை அது வெகு எளிதில் இழுத்துக்கொள்ளும்.

வெயில் செய்யும் வேலை இவ்வளவுதான். கலவையைப் பிரிக்கும், சேர்மத்தை அதனால் தொட முடியாது. எத்தனை கோடை காய்ந்தாலும் உப்பிலிருந்து சோடியம் தனியே வராது. 1807இல் லண்டனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, சோடியத்தின் மற்றொரு சேர்மமான எரிசோடாவை உருக்கி அதில் மின்சாரம் செலுத்திய பிறகுதான் அந்த உலோகம் முதன்முதலாகத் தனியே வெளிப்பட்டது. குளோரினின் கதை இன்னும் சுவையானது. வேதியியலாளர் ஷீலே அதை 1774இலேயே தயாரித்துவிட்டார். ஆனால் அதற்குள் ஆக்சிஜன் ஒளிந்திருப்பதாக நம்பிப் பலரும் அதைச் சேர்மம் என்றே எண்ணிவந்தார்கள். எவ்வளவு முயன்றும் ஆக்சிஜனைப் பிரிக்க முடியாமல் போகவே, 1810இல் டேவி அதைத் தனிமம் என்று அறிவித்தார்.

வடித்துவிடும் கசப்பு நீருக்கும் தனிமங்களின் கதையில் பங்குண்டு. பிரான்சின் மோன்பெலியே பகுதி உப்பளங்களில் எஞ்சிய நீரை ஆராய்ந்த வேதியியலாளர் அந்துவான் பலார், செம்பழுப்பு நிறத் திரவம் ஒன்றைப் பிரித்தெடுத்து 1826இல் வெளியிட்டார். அது புரோமின் என்னும் புதிய தனிமம்.

பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் கழுவி, தூய்மையாக்கி, பொட்டலமிடும் முன் ஆலைகளில் பொட்டாசியம் அயோடேட்டைச் சிறிதளவு சேர்க்கிறார்கள், கழுத்துக்கழலை நோய் வராமல் காக்க. கடை அலமாரிக்கு வரும்போது உப்பு மறுபடியும் ஒரு கலவையாகிவிடுகிறது.