நழுவிய பந்து யாருக்குச் சொந்தம்?

மாணவர்களே, இன்று உங்கள் கையில் நடுவரின் விசிலைக் கொடுக்கப் போகிறேன். தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2021 ஜனவரி 17. அமெரிக்கக் காற்பந்து லீக்கான என்எஃப்எல்லின் பிளேஆஃப் ஆட்டம். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியும் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியும் மோதுகின்றன. முதல் பாதி முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. சீஃப்ஸ் 16–3 என முன்னணியில் இருக்கிறது. பிரவுன்ஸ் விளையாட்டாளர் ரஷார்ட் ஹிக்கின்ஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். கோல் கோட்டை நெருங்கியதும் பந்தை முன்னே நீட்டியபடி பாய்கிறார். எதிரணியின் டேனியல் சோரன்சன் வந்து மோதுகிறார். பந்து கையைவிட்டு நழுவி, கோட்டைத் தாண்டி, பக்கவாட்டில் திடலைவிட்டு வெளியே போய்விடுகிறது.

நழுவிய அந்தப் பந்தைச் சீஃப்ஸ் அணியில் யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் பந்து சீஃப்ஸுக்கே கொடுக்கப்பட்டது. இது நியாயமா?

முதலில் விதியைப் புரிந்துகொள்வோம். இது நாம் பள்ளித் திடலில் உதைத்து விளையாடும் காற்பந்து அன்று. ரக்பியைப் போல் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். இரண்டு கோல் கோடுகளுக்கும் இடையே 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் 10 கெஜ ஆழத்துக்கு ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் ‘எண்ட் ஸோன்’. எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் ‘டச்டவுன்’, 6 புள்ளிகள்.

ஓடும்போது பந்து கைநழுவினால் அதற்கு ‘ஃபம்பள்’ என்று பெயர். நழுவிய பந்தை யார் கைப்பற்றினாலும் அது அவருடைய அணிக்கு. யாரும் கைப்பற்றாமல் பந்து வெளியே போனால்? இங்கேதான் சிக்கல். பந்து முன்னோக்கி நழுவி, கோல் கோட்டுக்கு முன்பாகவே வெளியேறினால், நழுவிய இடத்திலிருந்தே தாக்கும் அணி ஆட்டத்தைத் தொடரலாம். அதே பந்து கோட்டைத் தாண்டி எண்ட் ஸோன் வழியாக வெளியேறினால் அது ‘டச்பேக்’. பந்து தற்காப்பு அணிக்குப் போகும். அவர்கள் தங்களுடைய 20 கெஜக் கோட்டிலிருந்து ஆடத் தொடங்குவார்கள்.

ஒரு கெஜம் முன்பாக வெளியேறினால் இழப்பு ஒன்றுமில்லை. ஒரு கெஜம் தள்ளி வெளியேறினால் பந்தே போய்விடும்.

இப்போது அறிவியலுக்கு வருவோம். நழுவிய பந்து ஏன் முன்னோக்கிப் போகிறது? நியூட்டனின் முதல் விதியை நினைத்துப் பாருங்கள். ஓடுபவர் வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடினால், அவர் கையில் உள்ள பந்தும் அதே வேகத்தில்தான் போகிறது. கை விட்டாலும் நிலைமம் விடாது. பந்து 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொட எடுக்கும் நேரம் சுமார் 0.45 வினாடி. அதற்குள் அது 7 × 0.45, ஏறக்குறைய 3 மீட்டர் முன்னே போயிருக்கும். மோதலின் விசை இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும் என்பது உண்மைதான். ஆனாலும், கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பாக நழுவும் பந்து பெரும்பாலும் கோட்டைத் தாண்டித்தான் விழும் என்பதை நான்காம் படிவ மாணவரே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.

தரையைத் தொட்ட பிறகுதான் கதை மாறுகிறது. உருண்டைப் பந்து நேராக விழுந்தால், தரை தரும் விசை அதன் மையத்தின் வழியாகவே செல்லும். ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளமுள்ள முட்டை வடிவப் பந்தில் அப்படியில்லை. முனை சற்றே சாய்ந்து தரையில் பட்டாலும் விசை மையத்தைவிட்டு விலகிச் செல்லும். பந்து சுழன்று எந்தப் பக்கமும் துள்ளும். விழும் கோணத்தில் சிறு மாற்றம், துள்ளும் திசையில் பெரும் மாற்றம்.

ஆக, இந்த விதியில் இரண்டு பகுதிகள் கலந்திருக்கின்றன. பந்து முன்னே போகும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஆபத்து. அது திடலுக்குள் நிற்குமா, வெளியே ஓடுமா என்பது ஏறக்குறைய அதிர்ஷ்டம்.

விதியை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் கேளுங்கள். அதில் வலு இருக்கிறது. ஓர் அணி தன்னுடைய எண்ட் ஸோன் வழியாகப் பந்தைப் பின்னோக்கி நழுவவிட்டு, அது வெளியே போனால், எதிரணிக்கு 2 புள்ளிகள். எனவே எண்ட் ஸோன் சாதாரண இடமில்லை; அங்கே பந்தை அனுப்பிய அணியே விளைவை ஏற்க வேண்டும் என்ற ஒரே தர்க்கம்தான் இரு பக்கமும் செயல்படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 1978 செப்டம்பர் 10 அன்று ஓக்லாந்து ரேய்டர்ஸ் அணி, சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியிடம் 14–20 எனப் பின்தங்கியிருந்தது. மீதமிருந்தது 10 வினாடி. பிடிபடப் போன கென் ஸ்டேப்ளர், பந்தை முன்னோக்கி நழுவவிட்டார். சக ஆட்டக்காரர்கள் அதைத் தட்டியும் உதைத்தும் எண்ட் ஸோன்வரை கொண்டுபோய், அங்கே அதன்மேல் விழுந்து டச்டவுன் எடுத்துவிட்டனர். முடிவு 21–20. வேண்டுமென்றே விட்டதாக ஸ்டேப்ளர் பின்னர் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே விதி இறுக்கப்பட்டது. பாதி முடியும் கடைசி இரண்டு நிமிடங்களிலும் நான்காவது வாய்ப்பிலும், நழுவவிட்டவர் மட்டுமே அந்தப் பந்தை எடுத்து முன்னேற முடியும். பந்தைப் பாதுகாக்காதவருக்கு விலை இல்லையென்றால் எல்லாரும் கோட்டருகே பந்தை நீட்டித்தான் பார்ப்பார்கள்.

அப்படியானால் விதி நியாயம்தானா? நான் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன்.

ஒன்று: இரு அணிக்கும் ஒரே விதியா? ஆம். 2021இல் இந்த விதியால் பலனடைந்த அதே சீஃப்ஸ், 2024 ஜனவரி 21 அன்று பஃபலோ பில்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இதே விதியால் பந்தை இழந்தது. அன்று கோட்டருகே நழுவவிட்டவர் அவர்களுடைய மெக்கோல் ஹார்ட்மன்.

இரண்டு: ஆபத்து முன்பே தெரியுமா? ஆம். எல்லா ஆட்டக்காரர்களும் விதியை அறிந்தவர்கள்தாம்.

மூன்று: தவற்றின் அளவுக்குத் தண்டனையின் அளவு பொருந்துகிறதா? இங்கேதான் நான் தயங்குகிறேன். நடுத்திடலில் நழுவவிடுவதும் கோட்டருகே நழுவவிடுவதும் ஒரே தவறுதான். இரண்டிலும் எதிரணி பந்தைக் கைப்பற்றவில்லை. ஒன்றுக்கு மன்னிப்பு, மற்றொன்றுக்கு முழுத் தண்டனை. எதிரணி உழைத்துப் பறிக்காத பந்தை, தரை துள்ளவிட்ட திசை பரிசாகக் கொடுத்துவிடுகிறது.

என் தீர்ப்பு இதுதான்: விலை இருக்க வேண்டும், ஆனால் இவ்வளவு வேண்டாம். பந்தைத் தாக்கும் அணியிடமே விட்டு, அடுத்த வாய்ப்பை 20 கெஜக் கோட்டிலிருந்து தொடங்கச் சொல்லலாம். கோட்டருகே வந்துவிட்ட அணிக்கு அதுவே நல்ல பாடம்.

ஒரு எச்சரிக்கை. அன்று பிரவுன்ஸ் 17–22 எனத் தோற்றது. 5 புள்ளி வித்தியாசம். “அந்த விதிதான் தோற்கடித்தது” என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த டச்டவுன் கிடைத்திருந்தால் இரண்டாம் பாதியில் இரு அணிகளுமே வேறு விதமாக ஆடியிருக்கும். ஒரு காரணியை மாற்றிவிட்டு மற்றவையெல்லாம் அப்படியே இருக்கும் என்று நம்புவது, ஆய்வுக்கூடத்திலும் தவறுதான். அதேபோல், நமக்குப் பிடித்த அணி தோற்றதால் விதி அநியாயமாகிவிடாது. சட்டையின் நிறத்தை மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். அப்போதும் உங்கள் பதில் மாறவில்லையென்றால், அதுதான் உங்கள் உண்மையான கருத்து.

செய்து பாருங்கள்: பள்ளியிலிருந்து ஒரு ரக்பி பந்தை இரவல் வாங்குங்கள். திடலில் ஒரு கோடு வரைந்து, அதற்கு இரண்டு மீட்டர் முன்பாக, மெல்ல ஓடியபடியே இடுப்பு உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். 20 முறை செய்து, பந்து முதலில் தரையைத் தொட்ட இடத்தையும் கடைசியில் நின்ற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உருண்டைப் பந்தைக் கொண்டு மீண்டும் செய்யுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு உங்கள் கையில் இருந்தது, எவ்வளவு தரையின் கையில் இருந்தது என்பது தெரியும்.

அதற்குப் பிறகு விசிலை ஊதுங்கள். உங்கள் தீர்ப்பு என் தீர்ப்புக்கு நேர் எதிராக இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. காரணத்தை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.