பேய்ப்படமும் அச்ச நினைவும்
(கன்னிவாடி வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்ட ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

திரைப்படங்களை ஆராய்வோர் பெரும்பாலும் படத்தின் கதையையும் அமைப்பையும் ஆராய்ந்து அமைவர். அப்படத்தைக் கண்டோர் பல்லாண்டு கழித்து எதனை நினைவுகூர்கின்றனர், எதனை மறக்கின்றனர், பிறரையும் காணுமாறு எங்ஙனம் தூண்டுகின்றனர் என்பன ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளப்படுதல் அரிது. இந்நினைவுகளுள் பேய்ப்படங்களைப் பற்றியன தனிச்சிறப்புடையன. ஏனைய படங்களைப் பற்றிப் பேசுவோர் நடிகரையும் பாட்டையும் பேசுவர். பேய்ப்படத்தைப் பற்றிப் பேசுவோரோ தாம் அஞ்சியதைப் பேசுவர். படத்தின் கதை அவர்தம் நாவில் அவர்தம் கதையாகி விடுகின்றது.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, கீழ்ப்பழனி மலையடிவாரத்தில் அமைந்த கன்னிவாடியையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் இவ்வாய்வுக்கு நிலைக்களனாகக் கொள்கின்றோம். மலையும் சமவெளியும் தம்முள் தொடும் இடம் இது. திண்டுக்கல் சீமைப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய பழமையும் கன்னிவாடிக்கு உண்டு. இத்தகைய ஊர்களில் முதியோர் பேய்ப்படங்களைப் பற்றி உரையாடக் கேட்பார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். 'பேய் என்பது பொய். சூழ்ச்சியாளர் செய்த நாடகம்' என்று முடிவில் தெளிவாக விளக்கிய படங்களையும் அவர்கள் பேய்ப்படங்களாகவே போற்றுகின்றனர். விளக்கம் மறைய, அச்சம் மட்டும் நின்றது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டகையும் இருள்வழியும்

சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் 1905ஆம் ஆண்டில் தொடங்கிய ஊர்சுற்றும் படக்காட்சி, பின்னர் 'டூரிங் டாக்கீஸ்' என்னும் பெயரால் தமிழகத்துச் சிற்றூர்தோறும் பரவியது. தரையில் மணல், அதன்பின் பெஞ்சு, அதற்கும் பின் நாற்காலி. பக்கங்கள் திறந்த கொட்டகையாதலின், கதிரவன் மறைந்த பின்னரே படம் தொடங்க இயலும். படக்கருவி ஒன்றே இருந்தமையால் சுருள் மாற்றுந்தோறும் விளக்கேற்றினர். அச்சம் உச்சத்தை எய்தும் வேளையில் ஒளி பரவுவதும், முறுக்கு விற்போன் குரல் எழுவதும், மீண்டும் இருள் சூழ்வதும் அக்காட்சியின் இயல்புகள்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. இரண்டாம் ஆட்டம் முடியும்போது நள்ளிரவு கடந்துவிடும். அதன்பின் தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் நடந்தே திரும்பல் வேண்டும். புளியமரத்தில் பேய் உறையும் என்பது நம் நாட்டுப்புறத்தார் நம்பிக்கை. சாலையின் இருமருங்கும் நின்றனவோ புளியமரங்கள். ஆகவே, நகரத்தார்க்குப் படம் முடிந்த இடத்தில் சிற்றூரார்க்குப் படத்தின் இரண்டாம் பகுதி தொடங்கிற்று எனலாம். முதியோர் கூறும் நினைவுகளில் திரையில் நிகழ்ந்தது பாதி. வழியில் நிகழ்ந்தது பாதி. எவர் முன்னே நடந்தார், எவர் பின்னே திரும்பிப் பார்த்தார், எவர் உரக்கப் பாடிக்கொண்டு வந்தார் என்பனவெல்லாம் படத்தின் பெயரோடு பிணைந்தே சொல்லப்படுகின்றன.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தை ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு பொருள் பற்றிப் பிறக்கும் என்றார். பேய், பூதம் முதலியவற்றை உரையாசிரியர்கள் அணங்கினுள் அடக்குவர். நாடகச் சுவையோடு தொடர்புடைய இப்பகுப்பு, தமிழ்த் திரைப்படங்களுக்கும் பொருந்தக் காண்கின்றோம்.

அணங்கு பற்றியதற்கு 1978ஆம் ஆண்டில் துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' சான்றாகும். இறந்த பெண்ணொருத்தியின் ஆவி, தான் காதலித்தவனுடைய மனைவியின் உடலிற் புகுவது அதன் கதை. 'யக்ஷகானம்' என்னும் மலையாளப் படத்தின் தழுவல் அது. விலங்கு பற்றியதற்கு அவரே 1979இல் இயக்கிய 'நீயா?' என்பதனைக் காட்டலாம். இணையை இழந்த பாம்பு பெண்ணுருக் கொண்டு பழிவாங்குகின்றது. கள்வர் பற்றியதற்கு ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' (1967) சான்று. அதன்கண் பேயில்லை, இல்லத்துள் மறைந்து திரியும் கொலைஞனே அச்சத்திற்கு முதல்.

தம் இறை பற்றிய அச்சமே ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது. 1963ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறப்புக் கதை. கல்யாண்குமாரும் தேவிகாவும் காதலராக நடித்தனர். ஆயினும் கண்டோர் உள்ளத்தில் நிலைபெற்றவர், மகனின் காதலைப் பொறாத ஜமீன்தாராகவும், பின்னர் நூறாண்டு கடந்தும் சினம் தணியாத முதியவராகவும் தோன்றிய எம். என். நம்பியாரே. அப்படத்தில் அஞ்சப்படுவது இறந்தவரின் ஆவியன்று, இறவாத அதிகாரம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இல் இயற்றப்பட்டது. பதினைந்து ஆண்டுகட்குப் பின், பாழடைந்த ஜமீன் மாளிகை திரையில் அச்சத்தின் உறைவிடமாயிற்று. பாளைய மரபுடைய கன்னிவாடி போன்ற ஊர்களில் இக்காட்சி வெறுங்கற்பனையாகத் தோன்றியிராது. ஆட்சி போயினும் அதன் நிழல் போகாமையை மக்கள் அறிவர். பி. வாசு இயக்கிய 'சந்திரமுகி' (2005) வரையில் அரசனும் அரண்மனையும் நம் பேய்ப்படங்களை விட்டு நீங்காமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

விளக்கம் மறைதல்

இனி, எடுத்துக்கொண்ட வினாவிற்கு வருவோம். 1966இல் சத்யம் இயக்கிய 'யார் நீ?' என்னும் படம், 1964இல் இராஜ் கோஸ்லா இயக்கிய 'வோ கௌன் தீ' என்னும் இந்திப் படத்தின் தழுவல். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தனர். மழையிரவு, ஆளற்ற சாலை, வெள்ளையுடுத்த பெண், தொலைவிலிருந்து வரும் பாட்டு ஆகியவற்றை அதனைக் கண்டோர் எளிதில் மறவார். முடிவில் அனைத்தும் சொத்திற்காகச் செய்யப்பட்ட சூழ்ச்சி எனத் தெரியவரும். எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'துணிவே துணை' (1976) என்னும் படத்திலும் பேய் தீயோர் கூட்டத்தின் நாடகமே.

தொல்காப்பியர் வகுப்பின்படி கூறின், இவை அணங்கிற் தொடங்கிக் கள்வரில் முடிவன. மேனாட்டிலும் இம்முறை உண்டு. ஆன் ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1794இல் வெளியிட்ட 'உடோல்ஃபோ மருமங்கள்' என்னும் புதினத்தில், அச்சுறுத்திய நிகழ்ச்சிகட்கெல்லாம் இறுதியில் இயற்கையான காரணம் காட்டினார்.

நம் பழங்கதை மரபோ இதற்கு நேர்மாறானது. பழையனூர் நீலி கதையில் பேய் பெண்ணாக வருகின்றது, 'யார் நீ?' போன்ற படங்களில் பெண் பேயாக வருகின்றாள். நீலி கதையில் பெண்ணென நம்பியோர் கெட்டனர். இப்படங்களில் பேயென நம்பியோர் ஏமாந்தனர். ஆகவே, கதை பகுத்தறிவின் பக்கம் நிற்கின்றது. எனினும் கேட்போர் காதில் விழும் நினைவு நீலியின் பக்கமே நிற்கின்றது. 'வெள்ளைச் சேலைக்காரி வருவாளே, அந்தப் படம்' என்று தொடங்கும் பேச்சு, அவள் யார் என்பதற்கு முன்னரே முடிந்துவிடும்.

இதற்குக் காரணம் மூன்று கூறலாம். முதலாவது, விளக்கம் படத்தின் இறுதியில் சில நிமிடங்களே நிகழ்வது. அச்சமோ படம் முழுதும் பரந்தது. இரண்டாவது, விளக்கத்தைக் கூற நீண்ட கதைத்தொடர்பு வேண்டும். அச்சத்தைக் கூற ஒரு காட்சி போதும். வாய்மொழி மரபு காட்சியைக் காக்கும். காரணத் தொடரைக் கைவிடும். மூன்றாவதே தலையாயது. விளக்கம் கொட்டகைக்குள் நின்றுவிட்டது. அச்சமோ வீடு வரை உடன் வந்தது. இருள்வழியில் நடப்பார்க்குச் சூழ்ச்சியாளன் சிறைப்பட்ட செய்தி யாது பயன் தரும்? புளியங்கிளை அசைந்தபோது நினைவிற்கு வந்தது வெண்புடவையே. அவ்வழியில் எது உடன் வந்ததோ அதுவே நினைவாக நிலைத்தது.

அடுப்பில் வைத்த கால்

விட்டலாச்சார்யா 1978இல் தெலுங்கில் இயக்கிய 'ஜெகன்மோகினி' தமிழில் மொழிமாற்றம் பெற்றுச் சிற்றூர்களிற் பெரிதும் காணப்பட்டது. அதன் கதையை முறையாகக் கூறவல்லார் சிலரே. ஆயினும் பேய்மகள் விறகிற்கு மாற்றாகத் தன் கால்களை அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கும் காட்சியைக் கூறாதார் இலர். சிறப்பாக, நாள்தோறும் விறகடுப்பின்முன் அமர்ந்த மகளிர் அக்காட்சியை அச்சமும் நகையும் விரவக் கூறுவர். விறகு தேடி அலையும் துன்பம் அறிந்தார்க்கு அது வெறும் மாயக்காட்சி அன்று.

இக்காட்சி தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. வீழ்ந்த வேந்தர் தலை அடுப்பாக, குருதி உலைநீராக, தோள் துடுப்பாக அட்ட களவேள்வியை மாங்குடி கிழாரின் புறப்பாட்டு (புறநானூறு 26) காட்டும். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தே கூழ் அடுகின்றன. உடலுறுப்புச் சமையற் கருவியாதல் என்னும் கருத்து இவையனைத்திலும் ஒன்றே. தெலுங்குப் படத்தை எடுத்தோர் இப்பாட்டுகளைக் கற்றனர் என்பது நம் கருத்தன்று. பேயை அடுப்போடு இயைத்துக் காணும் வழக்கம் தென்னாட்டில் வேரூன்றியது என்பதும், அவ்வேரில் பொருந்திய காட்சியே மக்கள் நினைவில் தழைத்தது என்பதுமே நாம் கூறுவன.

எச்சரிக்கையே பரிந்துரை

பேய்ப்படத்தை விரும்புவோர் அதனைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் முறையும் கருதத்தக்கது. நல்ல படமொன்றைப் 'பார்' என்று கூறுவர். பேய்ப்படத்தையோ 'தனியே பார்க்காதே' என்பர். சொல் தடுக்கின்றது, பொருள் அழைக்கின்றது. இலக்கணத்தில் விலக்கு, பயனில் ஏவல். இதனைக் கேட்ட இளைஞன் அப்படத்தைக் காணாமல் அமையான் என்பது கூறுவோர்க்கும் தெரியும்.

இதனோடு ஒரு கதையும் வழங்குகின்றது. 'கொட்டகையில் தனியே இருந்து முழுப்படமும் பார்ப்பவனுக்குப் பரிசு என்றனர், ஒருவன் உடன்பட்டான், விடியலில் அவன் உயிரோடில்லை' என்பது அது. படத்தின் பெயரும் ஊரின் பெயரும் கூறுவார்தோறும் மாறும்; கதை மாறுவதில்லை. பந்தயம் கட்டிச் சுடுகாட்டில் ஆணியறையச் சென்றவன், இருளில் தன் வேட்டியையே சேர்த்தறைந்து, பேய் பற்றியதென அஞ்சி மாண்ட நாட்டுப்புறக் கதையின் மறுவடிவே இஃது என்பது வெளிப்படை. 2008இல் வெளிவந்த 'ஃபூங்க்' என்னும் இந்திப் படத்திற்கு அதன் இயக்குநர் இராம் கோபால் வர்மா, தனியே காண்பார்க்கு ஐந்து இலட்சம் ரூபாய் என அறிவித்தார். ஆங்கு வாய்மொழிக் கதை விளம்பரமாக உருவெடுத்தது.

இதன் மூத்த வடிவத்தை மணிமேகலையிற் காணலாம். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே சுடுகாட்டுட் செல்கின்றான். பேயாடுதலைக் கண்டு நடுங்கி ஓடுகின்றான். தாயிடம் உற்றது உரைத்து உயிர்விடுகின்றான். அவன் கண்டவிடத்தே மாளவில்லை. வீடு வந்து, சொல்லிய பின்னரே மாள்கின்றான். அச்சம் முழுமை பெறுவதற்குக் கேட்பார் ஒருவர் வேண்டும் என்பதைச் சாத்தனார் உணர்ந்திருந்தார் போலும்! கொட்டகையிலிருந்து நள்ளிரவில் மீண்டோர் தாயையோ பாட்டியையோ எழுப்பிக் கூறியதும், இன்று பெயரர்க்கு அவர்கள் கூறுவதும் அம்மரபின் தொடர்ச்சியே. வேறுபாடு ஒன்றே: சார்ங்கலன் சொல்லி மாண்டான், இவர்கள் சொல்லிப் பிழைத்தனர். அஞ்சியதைச் சொல்லும்போது நகைப்பு உடன் பிறத்தற்குக் காரணம் அதுவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பேய்ப்பட நினைவு படத்தின் சுருக்கம் அன்று என்பதும், நீலி கதை, சுடுகாட்டுப் பந்தயக் கதை முதலியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க வாய்மொழி வகை என்பதும் பெறப்படும். திரைப்படம் தந்த கருத்தை மக்கள் அவ்வாறே ஏற்றனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. 'பேயில்லை' என்று படம் கூறியது. 'நான் அஞ்சினேன்' என்று மக்கள் கூறினர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எனினும் நிலைத்தது பின்னதே.

படச்சுருள்களுள் எஞ்சியவற்றை இனியும் போட்டுக் காணலாம். ஆனால், மணல் தரையும், சுருள் மாற்றும் இடைவேளையும், புளியமரச் சாலையில் நடந்த நள்ளிரவும் எச்சுருளிலும் இல்லை. கண்டோர் நாவில் மட்டுமே உள்ளன. அறுபதுகளில் 'யார் நீ?' கண்ட இளைஞர் இன்று எண்பதை அணுகியோர். கொட்டகைகள் மறைந்தன; சாலைகளில் மின்விளக்குகள் வந்தன; படம் கைப்பேசியிற் காணப்படுகின்றது. ஆதலின், முதுகலை மாணவர் தம் ஊர் முதியோரை அணுகி, எப்படம், எக்கொட்டகை, உடன் வந்தோர் யாவர், எவ்வழியே திரும்பினர், முதலில் எவரிடம் கூறினர் என்னும் ஐந்து வினாக்களையேனும் வினவி, அவர் மொழியிலேயே விடைகளைப் பதிதல் வேண்டும். கதையைத் திருத்துதலும், மறந்த முடிவை நினைவூட்டுதலும் கூடா. மறதியும் இவ்வாய்வில் சான்றாகும். இப்பணி இப்பத்தாண்டிற்குள் செய்தற்குரியது. பின்னர்ச் செய்தற்கு இயலாதது.