பேக்மேனா, டாங்கி காங்கா... 80-களின் ஆர்கேட் மோதலில் ஜெயித்தது யார்?

இன்று கேம் என்றால் கையில் இருக்கும் மொபைல்தான். 80-களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. ஆள் உயர மெஷின் முன்னால் நின்று, காயின் போட்டால்தான் ஆட்டம். தோற்றுவிட்டால் இன்னொரு காயின்! ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்தக் காயின்களுக்காகப் போட்டி போட்ட நிறுவனங்களில் முக்கியமானவை இரண்டு, நாம்கோ மற்றும் நின்டெண்டோ.

நாம்கோ 1955-ல் தொடங்கப்பட்டது. டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மொட்டை மாடியில் குழந்தைகள் ஏறி ஆடும் இரண்டு குதிரை பொம்மைகள்தான் அதன் ஆரம்ப முதலீடு. நின்டெண்டோ அதைவிட சீனியர். 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். இரண்டின் தலையெழுத்தையும் மாற்றியவர்கள், இருபதுகளில் இருந்த இரண்டு ஊழியர்கள்!

சாப்பிடும் ஹீரோ

1978-ல் டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' சக்கைப்போடு போட்டது. அதன்பிறகு கேம் சென்டர்களில் எங்கு பார்த்தாலும் வேற்றுக்கிரகவாசிகளைச் சுடும் ஆட்டங்கள்தான். பெண்கள் அந்தப் பக்கமே வருவதில்லை என்பதைக் கவனித்தார் நாம்கோவின் டோரு இவாடானி. பெண்களும் ஜோடிகளும் வந்து ஆட வேண்டுமென்றால், துப்பாக்கி வேண்டாம், சாப்பாடு போதும் என்று முடிவெடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் பேக்மேன். 1980 மே மாதம் டோக்கியோவில் முதன்முதலில் சோதனைக்கு வைக்கப்பட்டபோது இவாடானிக்கு வயது 25.

ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், பட்டனே கிடையாது. புள்ளிகளைத் தின்ன வேண்டும், துரத்தும் நான்கு பேய்களிடம் சிக்கக் கூடாது. இதில் சுவாரஸ்யமே அந்தப் பேய்கள்தான். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். பிங்க் பேய், பேக்மேன் போகும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னால் குறிவைத்து மடக்கப் பார்க்கும். நீலப் பேய், சிவப்புப் பேய் எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வரும். ஆரஞ்சுப் பேயோ தூரத்தில் இருக்கும்வரை துரத்தும், பக்கத்தில் வந்ததும் திரும்பி ஓடிவிடும்! நான்குக்கும் நான்கு குணம் கொடுத்ததால்தான், இவ்வளவு எளிய ஆட்டம் இன்றுவரை அலுக்கவில்லை.

நஷ்டத்தில் பிறந்த கொரில்லா

நின்டெண்டோவின் கதை நெருக்கடியில் தொடங்குகிறது. 'ரேடார் ஸ்கோப்' என்ற ஆட்டத்தை நம்பி, அதன் அமெரிக்கக் கிளை சுமார் 3,000 மெஷின்களை இறக்குமதி செய்தது. கப்பல் வந்து சேர்வதற்குள் மவுசு போய்விட்டது. ஏறக்குறைய 2,000 மெஷின்கள் கிடங்கிலேயே தேங்கின. கிளை பிழைக்குமா என்பதே கேள்விக்குறி. அதே மெஷின்களுக்குள் வேறு ஆட்டத்தைப் பொருத்தும் வேலை, ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் டிசைனரிடம் வந்தது. அவர் படித்தது தொழில்துறை வடிவமைப்பு.

முதலில் 'பாப்பாய்' கதாபாத்திரங்களைப் பயன்படுத்த நினைத்தார்கள். உரிமம் கிடைக்கவில்லை. பாப்பாய்க்குப் பதில் ஒரு தச்சர், வில்லனுக்குப் பதில் ஒரு கொரில்லா, காப்பாற்றப்பட வேண்டிய ஒரு பெண் எனக் கதையை மாற்றினார் மியாமோட்டோ. 1981-ல் வெளியான டாங்கி காங்கில் கொரில்லா பீப்பாய்களை உருட்டிவிடும். தச்சர் அவற்றைத் தாண்டிக் குதித்து, ஏணி ஏறி மேலே போக வேண்டும். அவருக்கு மீசை வந்ததற்குக் காரணம் ஸ்டைல் அல்ல. அன்றைய திரையில் வாயைத் தெளிவாக வரைய முடியாது. தலைமுடியும் சரியாக வராததால் தொப்பி! அமெரிக்கக் கிடங்கின் உரிமையாளர் பெயரையே பின்னர் அவருக்கு வைத்தார்கள். அந்தப் பெயர்தான் மாரியோ.

மெஷின்கள் விற்றுத் தீர்ந்தன. அடுத்த சோதனை கோர்ட்டில் வந்தது. இது 'கிங் காங்' படத்தின் காப்பி என்று 1982-ல் யுனிவர்சல் நிறுவனம் வழக்குப் போட்டது. ஆனால், கிங் காங் கதை பொதுச்சொத்து என்று சில வருடங்களுக்கு முன்பு வேறொரு வழக்கில் வாதாடியதே அதே யுனிவர்சல்தான்! நின்டெண்டோ ஜெயித்தது.

இருவருக்கும் ஒரே எமன்

ஆட்டமாக ஒப்பிட்டால், பேக்மேனில் பேய்களின் பாதையை மனப்பாடம் செய்து ஜெயிக்கலாம். டாங்கி காங்கில் பீப்பாய் எந்த ஏணியில் இறங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே மனப்பாடம் எடுபடாது, அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. அன்றைய 8-பிட் கணக்கில் ஓர் எண் 255-க்கு மேல் போக முடியாது. அடுத்தது மீண்டும் பூஜ்ஜியம்தான். பேக்மேனில் 256-வது லெவலில் பாதித் திரை குப்பையாகக் குழம்பிவிடும். டாங்கி காங்கில் 22-வது லெவலில் நேரக் கணக்கு 260-ஐத் தொட வேண்டும். மெஷின் அதை வெறும் 4 என்று எடுத்துக்கொள்ளும். மேலே ஏறி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து, மாரியோ காலி! எவ்வளவு பெரிய கில்லாடியும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும்.

அப்படியானால் ஜெயித்தது யார்?

யாரும் பழகாமலே ஆடக்கூடிய எளிமையில் பேக்மேனுக்கே முதலிடம். நிறுவனமாகப் பார்த்தால் நின்டெண்டோ முந்துகிறது. நாம்கோ தன் ஆட்டத்தை அமெரிக்காவில் விற்கும் உரிமையை மிட்வே நிறுவனத்திடம் கொடுத்தது. அங்கே சக்கைப்போடு போட்ட 'மிஸ் பேக்மேன்' நாம்கோ உருவாக்கியதே அல்ல. நின்டெண்டோ தானே விற்றது. 1983-ல் வீட்டிலேயே ஆடும் ஃபேமிகாம் கருவியைக் கொண்டுவந்தபோது, அதனுடன் வந்த முதல் ஆட்டங்களில் டாங்கி காங்கும் ஒன்று. 1985-ல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்ததும் மீசைக்காரத் தச்சர் உலக ஸ்டாராகிவிட்டார்.

பழைய பகை என்ன ஆனது? 2014-ல் வெளியான நின்டெண்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' ஆட்டத்தில் மாரியோ, டாங்கி காங் இருவருடனும் மோத பேக்மேனும் களமிறங்கினார். அதை உருவாக்கியதில் நாம்கோவின் இன்றைய வடிவமான பண்டாய் நாம்கோவுக்கும் பங்கு உண்டு. காயினுக்காக அடித்துக்கொண்டவர்கள் இப்போது ஒரே திரையில். அதில் யார் ஜெயிப்பார் என்பது உங்கள் விரல்களின் வேகத்தைப் பொறுத்தது!