பழைய வேர்ட் போதுமா, புதியதை வாங்குவதா?

இந்தக் கருத்தரங்கில் நெறியாளர் என்னிடம் ஒப்படைத்த கேள்வி சிறியது. கணினியில் உள்ள வேர்ட் நன்றாகத்தானே வேலை செய்கிறது, புதிய பதிப்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பதே அது. சங்கச் செயலாளர்களும் டியூஷன் ஆசிரியர்களும் ஆலய நிர்வாகத்தினரும் கேட்கும் கேள்விதான். வீட்டுக் காசு என்றால் நாமே முடிவு செய்துகொள்ளலாம். சங்கத்துக் காசு என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி எழுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் அதே நாளில் முடிந்தது. ஆதரவு முடிந்தது என்பதற்கு, மறுநாள் காலையில் வேர்ட் திறக்காது என்று பொருளல்ல. அது திறக்கும், தட்டச்சு செய்யும், அச்சிடும். அதில் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்பதுதான் பொருள்.

கடிதம் எழுதும் மென்பொருளில் என்ன பெரிய ஓட்டை என்று சிலர் நினைக்கலாம். வேர்டில் கணிதச் சமன்பாடுகளை எழுத ஒரு சிறிய கருவி இருந்தது. 2000ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட அந்த நிரல், 17 ஆண்டுகள் யாரும் கை வைக்காமல் அப்படியே கிடந்தது. அதில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, ஒரு கோப்பைத் திறக்க வைத்தாலே போதும், நம் கணினியில் வெளியார் தம் நிரலை இயக்கிவிடலாம் என்பது 2017 நவம்பரில் தெரிய வந்தது. மைக்ரோசாப்ட் முதலில் அந்த ஓட்டையை அடைத்தது. 2018 ஜனவரியில் அந்தக் கருவியையே எடுத்துவிட்டது. ஆபிஸ் 2003 வைத்திருந்தவர்களுக்கு இந்த மருந்து கிடைக்கவில்லை. அதன் ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. (கணித ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்கவும். அந்தப் பழைய கருவியில் எழுதிய சமன்பாடுகள் புதிய வேர்டில் தெரியும். ஆனால் அவற்றைத் திருத்த அந்தக் கருவி இருக்காது.)

ஆகவே, மின்னஞ்சலில் வரும் கோப்புகளை நாள்தோறும் திறப்பவர் ஆதரவு முடிந்த வேர்டை நம்பியிருப்பது நல்லதல்ல. இணையத்தோடு தொடர்பே இல்லாமல், அறிவிப்புகளும் ரசீதுகளும் மட்டும் அச்சிடும் ஆலயக் கணினியின் நிலை வேறு. அங்கே அவசரம் இல்லை.

புதிய வசதிகளுக்காக மட்டும் பதிப்பை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. கடிதம், கூட்டக் குறிப்பு, தேர்வுத்தாள் ஆகியவற்றுக்குத் தேவையானவை எல்லாம் பழைய பதிப்புகளிலேயே இருந்தன. 2007இல்தான் உண்மையான கட்டாயம் வந்தது. அந்த ஆண்டு வந்த வேர்ட், டாக்எக்ஸ் என்னும் புதிய கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. அடுத்தவர் அனுப்பியது நமக்குத் திறக்கவில்லை என்பதற்காகவே பலர் அப்போது மாறினார்கள். இன்று அந்த நெருக்கடி இல்லை. அந்த வடிவம் 2008இல் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டுவிட்டதால் மற்ற நிறுவனங்களின் மென்பொருள்களும் அதைத் திறக்கின்றன.

இனி காசுக் கணக்கு. இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒரே முறை வாங்குவது. இரண்டு, மைக்ரோசாப்ட் 365 என்னும் ஆண்டுச் சந்தா. ஒரே முறை வாங்கினால் காலத்துக்கும் கவலை இல்லை என்று கடையில் சொல்வார்கள். ஆபிஸ் 2024க்கு 2029 அக்டோபர் 9 வரைதான் ஆதரவு. நாம் எப்போது வாங்கினாலும் முடியும் தேதி அதுவே. கடிகாரம் ஓடத் தொடங்குவது பதிப்பு வெளிவந்த நாளிலிருந்து. ஆபிஸ் 2021 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதன் முடிவு 2026 அக்டோபர் 13 என்பதை நினைவில் வையுங்கள். மொத்த விலையை, எஞ்சியிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். அதன் பிறகு சந்தாவோடு ஒப்பிடுங்கள்.

சந்தாவில் குடும்பத் திட்டத்தை 6 பேர் வரை பகிரலாம். கட்டுவதை நிறுத்தினால் கோப்புகள் போய்விடாது. ஆனால் கணினியில் உள்ள வேர்ட், படிக்கவும் அச்சிடவும் மட்டுமே இடம் தரும், திருத்த விடாது. சந்தா விலையும் நிலையானதல்ல. 2024ஆம் ஆண்டு இறுதியில் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளில் கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவு வசதியைத் தனியார் சந்தாவோடு சேர்த்து விலையும் உயர்த்தப்பட்டது. அந்த வசதி வேண்டாதவர்கள் பழைய விலையிலேயே தொடர 'கிளாசிக்' என்ற திட்டமும் இருந்தது. அதை மறைத்ததாகக் கூறி, சுமார் 2.7 மில்லியன் ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களின் பொருட்டு அந்நாட்டுப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்கு தொடுத்தது. புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலை முழுவதும் படிக்காமல் பொத்தானை அழுத்தக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தமிழில் எழுதுவோர் விஷயத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். நம் சங்கங்களில் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளில் பெரும்பாலானவை யூனிகோடில் இல்லை. விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. அது பழக்கத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1999இல் சென்னை மாநாட்டில் தாம், தாப் என்னும் முறைகள் பரிந்துரைக்கப்பட்டன. இணைய அன்பர்களிடையே திஸ்கி புழங்கியது. இந்தக் கோப்புகளில் 'அம்மா' என்ற சொல் 'அம்மா'வாகச் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளாகவோ வேறு குறிகளாகவோதான் இருக்கும். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் இருபது ஆண்டுக் கூட்டக் குறிப்புகளும் கிறுக்கலாகத் தெரியும்.

புதிய கணினியில் இதைக் கண்டவர்கள், புதிய வேர்ட் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்கிறார்கள். வேர்ட் கோப்பைச் சரியாகத்தான் திறந்திருக்கிறது. எழுத்துருதான் பழைய கணினியோடு போய்விட்டது. நிலம் வாங்கியது, பெயர் மாற்றியது, அறங்காவலரைத் தேர்ந்தெடுத்தது எல்லாம் அந்தக் குறிப்புகளில்தானே இருக்கின்றன? பின்னாளில் ஒரு தகராறு வந்தால் அவற்றைப் படிக்க வேண்டாமா?

எனவே எதையும் வாங்குவதற்கு முன், பழைய கணினியில் ஒரு கோப்பைத் திறந்து, தமிழ் வரியின் மேல் சுட்டியை வைத்து, மேலே எந்த எழுத்துருவின் பெயர் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் எழுத்துருக்களுக்கென உள்ள கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக்களை நகலெடுங்கள். முக்கியமான கோப்புகளை அந்தக் கணினியிலேயே பிடிஎப் ஆக மாற்றி வையுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கிவிடும், தோற்றம் மாறாது. ஆனால் பிடிஎப்பில் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. அதற்கு யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். இலவச மாற்றிகள் உள்ளன. ஓர் எச்சரிக்கை: சில முறைகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருக்கும். உறுப்பினர் பட்டியலை அப்படியே மாற்றியில் போட்டால் ஆங்கிலத்தில் உள்ள பெயர்களும் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். பகுதி பகுதியாக மாற்றி, ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

இதை முடித்தவர்களுக்கு லிப்ரே ஆபிஸே போதுமானதாக இருக்கலாம். 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்த இந்த இலவச மென்பொருள் யூனிகோடு தமிழை நன்றாகவே கையாளும். டாக்எக்ஸ் கோப்புகளையும் திறக்கும். கட்டங்களும் படங்களும் நிறைந்த பக்கங்கள் சற்று இடம் பெயரக்கூடும். ஆகவே ஆண்டு மலர் வெளியிடும் சங்கம், அச்சகத்தார் எந்த வடிவில் கேட்கிறார் என்று விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் பள்ளிக் கணக்கில் மைக்ரோசாப்ட் 365 ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கல்விக்கூடங்கள் கொடுக்கின்றன. காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வரும் சங்கங்கள், லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான சலுகைக்கு முதலில் விண்ணப்பித்துப் பார்க்கலாம். வீட்டு உபயோகத்துக்கு என்று பெட்டியில் போட்டிருப்பதை அலுவலகத்துக்கு வாங்க வேண்டாம். செயலவையில் தீர்மானம் போடும்போது, மென்பொருளின் விலையோடு கோப்புகளை மாற்றிச் சரிபார்ப்பவருக்கான கூலியையும் சேர்த்தே எழுதுங்கள்.