பேசத் தாமதிக்கும் குழந்தைகள்

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த பகுதிகளில் தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. தாய் ‘மீன்’ என்பதும் பாட்டி ‘சேப’ என்பதும் குழந்தைக்குச் சுமையல்ல. பேச்சுத் தாமதத்திற்கு இரு மொழிகள் காரணமாகா. எனவே வீட்டு மொழியைக் கைவிட வேண்டுவதில்லை.

ஆயினும், 2 வயது நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையைத் ‘தானே பேசும்’ என்று விட்டுவிடுதல் தகாது. முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக் குழந்தைகளை இலவசமாகப் பரிசோதிக்க ஏற்பாடு உண்டு.

அடுத்து வேண்டுவது பிறருடன் பழகுதல். அங்கன்வாடியில் பாட்டும் விளையாட்டும் செலவின்றிக் கிடைக்கின்றன. தோணிரேவில் பெண்கள் கூடிப் பனையோலை முடையும் இடமும் நல்ல பள்ளியே. குழந்தையை அருகமர்த்தி, ‘ஓலை’, ‘கூடை’ எனப் பெயர் சொல்லி, அது மறுமொழி கூறச் சற்றுப் பொறுத்திருப்போமாக. இத்தகைய குழந்தைகளைக் கண்டறிந்து அங்கன்வாடியில் சேர்ப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய நம் கடமையாகும்.