துப்பாக்கிகள் ஓய்ந்த ஊர்கள் - 6: ஆச்சேயின் 840

ஐ.நா. என்றாலே அந்த நாட்களில் ஜகார்த்தாவுக்குக் கசப்புதான். 1999இல் ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில்தான் கிழக்குத் திமோர் கைநழுவிப் போனது. அந்தக் காயம் ஆறும் முன்பே, சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சேயில் 1976 முதல் தனிநாடு கேட்டுப் போராடிவந்த சுதந்திர ஆச்சே இயக்கத்தோடு சமாதானம் பேச வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆச்சே பிணக்காடானது. இனியும் சண்டை போட இரு தரப்புக்கும் மனமில்லை. ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அட்டிசாரி நடுவராக இருக்க, 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இயக்கம் தன் 3,000 போராளிகளின் படையைக் கலைக்க வேண்டும், 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தார்களா என்று யார் பார்ப்பது? ராணுவம் எண்ணினால் போராளிகள் நம்ப மாட்டார்கள். போராளிகள் சொல்லும் கணக்கை ராணுவம் ஏற்காது.

ஐ.நா.வை ஜகார்த்தா விரும்பாததால், இந்தோனேசிய அரசே அழைத்து, ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழுவை அனுப்பின. தலைவர் நெதர்லாந்துக்காரரான பீட்டர் ஃபெய்த், அவருக்குத் துணையாகத் தாய்லாந்து ராணுவ அதிகாரி ஒருவர். குழுவில் யார் கையிலும் ஆயுதம் கிடையாது. அக்கம்பக்கத்து நாட்டவரும் இருந்ததால், வெள்ளைக்காரர்கள் வந்து விசாரிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

ஆனால் ஒப்பந்தத்தின் உயிர்நாடி வேறொரு வரியில் இருக்கிறது. குழுவின் பணியைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ எந்தத் தரப்புக்கும் அதிகாரம் இல்லை என்று அதில் எழுதி, இந்தோனேசியா தானே கையெழுத்திட்டது. ஆச்சே இந்தோனேசியாவின் பகுதி என்பதை இயக்கம் ஏற்றது. தன் மண்ணில் அந்நியர் தடையின்றி நடமாட அரசு சம்மதித்தது. இறையாண்மை இதில் குறைந்துபோனதாகச் சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. வரம்பும் கெடுவும் குறித்து ஓர் அரசு மனமுவந்து கொடுத்த அனுமதி அது.

செப்டம்பர் 15 அன்று பண்டா ஆச்சேயின் பிளாங் பாடாங் மைதானத்தில் முதல் ஒப்படைப்பு நடந்தது. வாங்கிய துப்பாக்கிகளைக் கிடங்குக்கு அனுப்பவில்லை. மக்கள் கண்ணெதிரே ரம்பத்தால் அறுத்துத் துண்டாக்கினார்கள். கொண்டுவந்தவற்றில் நாட்டுத் துப்பாக்கிகளும் கலந்திருந்தன. எதைக் கணக்கில் சேர்ப்பது என்று தகராறு எழுந்தது. தேறாதவற்றைக் குழு தள்ளுபடி செய்தது. எண்ணிக்கையை நிறைக்க இயக்கம் மேலும் கொண்டுவர வேண்டியிருந்தது. டிசம்பர் 21க்குள் 840ம் நிறைந்தன. நான்கு கட்டங்களாக நடந்த ஒப்படைப்பில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாக வெளியூர்ப் படையினரும் போலீசாரும் ஆச்சேயைவிட்டு வெளியேறினர். ஆண்டு முடிவதற்குள் போன ராணுவத்தினர் மட்டும் 25,000க்கும் மேல். அதையும் எண்ணியது அதே குழுதான். இரு பக்கமும் ஒரே கண் பார்த்ததால்தான் நம்பிக்கை பிறந்தது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். குழு சரிபார்த்தது ஒப்பந்தத்தில் இருந்த எண்ணைத்தான். காட்டிலும் மேட்டிலும் புதைந்து கிடந்தவற்றை அல்ல. சமாதானத்துக்குப் பிறகும் ஆச்சேயில் துப்பாக்கி முனையில் வழிப்பறி நடந்தது.

2006 டிசம்பர் 11 அன்று ஆச்சே தேர்தலில் வாக்களித்தது. இயக்கத்தின் பிரதிநிதியாகக் கண்காணிப்புக் குழுவோடு பணியாற்றிய இர்வாண்டி யூசுஃப் ஆளுநராக வென்றார். நான்கு நாட்களில் குழு மூட்டை கட்டியது. அதே ஒப்பந்தம் வாக்களித்த மனித உரிமை நீதிமன்றம் மட்டும் ஆச்சேயில் இன்னும் அமையவில்லை.

(தொடரும்)